தாகத்துக்கு வைத்த தண்ணீர்

செம்புக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் நெளிந்தது.

நூல் துணுக்குகள்போலக் கறுப்பாய், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. அவன் நிழல் விழுந்ததும் துள்ளி அடியில் இறங்கின.

டெங்குக் காய்ச்சலில் மனைவி சங்கரி போன பிறகு அவன் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். தோட்டத்தில் தண்ணீரைத் தேடினான். தேடித் தேடிக் கொட்டினான். பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளை எடுத்துப் போட்டான். சிரட்டைகளைக் கவிழ்த்தான். முருங்கை மரத்துப் பொந்தை மணல் போட்டு அடைத்தான்.

அவளைக் கடித்ததன் வம்சம் அவள் வைத்த செடிகளுக்குள் இருக்கக் கூடாது.

ஆனாலும் கொசு குறையவில்லை.

இந்தச் செம்பின் பக்கம் மட்டும் அவன் வந்ததில்லை. இது அத்தையின் இடம்.

செத்தவர் தாகத்துக்கென்று விளக்கடியில் வைக்கும் தண்ணீர். பதினாறாம் நாள் கழிந்ததும் எடுத்துவிடுவார்கள். அத்தைக்கு மனம் வரவில்லை. மகள் நட்ட பிச்சிப்பூக் கொடியின் அடியில், நிழலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்தியானால் வந்து பார்ப்பாள். விளிம்புவரை நிரப்புவாள். பழையதைக் கொட்ட மாட்டாள். பிள்ளைக்கென்று வைத்ததை எப்படிக் கொட்டுவது?

நிரப்பவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. விரல் நனையும் அளவுகூடக் குறைந்திருக்காது.

“தொடவே மாட்டேங்கா. எம்மேல கோவம்” என்பாள்.

காய்ச்சல் என்று சங்கரி போனில் சொன்னபோது, கசாயம் குடித்தால் விட்டுவிடும் என்றவள் அத்தைதான். மகள் போனதிலிருந்து சோற்றைப் பிசைவதோடு சரி.

பக்கத்து வீட்டிலிருந்து குரல் கேட்டது. கொசு மருந்து ஊற்ற வரும் அக்கா. கொசுவை இவ்வளவு பாசமாக வளர்க்கிறீர்களே, ரேஷன் கார்டில் பேரைச் சேர்த்துவிடலாமே என்று யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள். அடுத்து இங்கேதான் வருவாள். டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பாள். கண்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

அடுக்களையில் தேங்காய் திருவும் சத்தம். அத்தை இருக்கிறாள்.

மகளுக்கு வைத்த தண்ணீரில் எது வளர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் செம்பைக் கவிழ்த்தான்.

புழுக்கள் நெளிந்தன. பிறகு நெளியவில்லை.

முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரை எடுத்து உள்ளே சுற்றிச் சுற்றித் தேய்த்தான். குழாயைத் திறந்தான். பாதிதான் நிறைந்திருக்கும். கேட் திறந்தது. செம்பை வைத்துவிட்டு எழுந்தான்.

கொசு மருந்து அக்கா நேராகப் பிச்சியடிக்குத்தான் வந்தாள். குனிந்து டார்ச் அடித்தாள். சாமிக்கா என்று கேட்டாள். அவன் தலையசைத்தான்.

“நல்ல தண்ணியிலதான் சார் அது முட்டை போடும். சாமி தண்ணின்னு அதுக்குத் தெரியுமா? தெனமும் மாத்திருங்க.”

போய்விட்டாள்.

அந்தியில் அத்தை குடத்தோடு தோட்டத்துக்குப் போனாள்.

“மாப்ள.”

அவன் போனான்.

அவள் செம்பைப் பார்த்தபடி நின்றாள். குடம் இடுப்பிலேயே இருந்தது.

“பாதிக்கு மேல குடிச்சிருக்கா மாப்ள.”

அவன் அவள் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்தான்.

அத்தை உட்கார்ந்து மெதுவாக ஊற்றினாள். குழந்தைக்குப் புகட்டுவதுபோல. நல்ல தாகம்போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று இரவு தட்டில் சோறு மிஞ்சவில்லை. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள்.

விடிந்தும் விடியாமல் அவன் எழுந்தான். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

செம்பைக் கொட்டினான். விளிம்பைத் தேய்த்தான். புதுத் தண்ணீர் பிடித்தான். விளிம்புவரை.

கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

செடிகளுக்கு ஊற்றி முடித்ததும் சங்கரி அண்ணாந்து குடிப்பாள். கழுத்தில் வழியும். துடைக்க மாட்டாள். ஒரே மூச்சில் எவ்வளவு குடிப்பாள் என்று அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

ஒரு வாய் அளவுக்குப் பிச்சியடியில் சாய்த்தான். பார்த்தான்.

நேற்று நல்ல வெயில்.

இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.