மன்றாட்டுப் பாட்டு

அரசனைப் பார்த்துப் பாட வேண்டிய பாட்டை லூர்த்தம்மா முன்வரிசையைப் பார்த்துப் பாடினாள்.

அரசனாக இருந்த கிறகோரி ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

முன்வரிசையின் நடுக்கதிரையில் இயக்கத்தின் பொறுப்பாளர் இருந்தார். இருபத்தாறு வயது இருக்கும். அன்றைய பிரதம விருந்தினர் அவர்தான். இரண்டு பக்கமும் துவக்கோடு இரண்டு பேர்.

பின்னேரம் நாலு மணி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கரண்ட் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே நாடகத்தை முடித்துவிட வேண்டும்.

நாடகம் என்றும் சொல்ல முடியாது. உடுப்பும் முடியும் திரையும் தொண்ணூறில் குருநகரில் ஷெல் விழுந்த வீட்டோடு எரிந்துவிட்டன. இடம்பெயர்ந்து வந்தவர்களில் நாலைந்து பேர், ஊர் மறந்துபோன பழைய இசை நாடகங்களைத் தேடி எடுத்து, கதிரைகளில் இருந்தபடி பாட்டுகளை மட்டும் பாடினார்கள்.

இது மூன்றாவது. ‘சிறைமீட்ட செல்வி’. முப்பது வருடமாக யாரும் மேடையேற்றாதது. கொலைத்தண்டனை பெற்ற புருசனுக்காக ஒருத்தி அரசனிடம் மன்றாடி, அவனை மீட்டுக்கொண்டு போகிற கதை.

அந்த ஒருத்தி லூர்த்தம்மா. ஆண்களே பெண்வேடம் கட்டிய காலத்தில், பதினேழு வயதில் மேடையேறியவள். இப்போது ஐம்பத்திரண்டு. கண்ணாடி போட்டால்தான் பாட்டுக் கொப்பியில் எழுத்துத் தெரியும். குரல் மட்டும் அப்படியே இருந்தது. கடைசி வாங்கில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

உண்மையில் அரசனாகப் பாட வேண்டியவர் சிமியோன். மூன்று கிழமைக்கு முன்னர் அவருடைய தோணி காற்றுக்கு இழுபட்டு, ஆமி இருந்த தீவுப் பக்கம் ஒதுங்கியது. ஆமி பிடித்து, இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டது. கரைக்கு வந்த அன்றே இயக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஆமி ஏன் இரண்டு நாளில் விட்டது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

சிமியோனின் மனைவி செபஸ்தியம்மா இரண்டாம் வரிசையில் இருந்தாள். காலையில் வந்து லூர்த்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவள்.

“அக்கா, கதைச்சாக் கேக்கமாட்டினம். நீங்கள் பாடிக் கேளுங்கோ.”

லூர்த்தம்மா ஏற்கெனவே இரண்டு தரம் இயக்கத்தின் முகாம் வாசலுக்குப் போயிருந்தாள். வாசலில் நின்றவன் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினான். பொறுப்பாளர் ஒருவரையும் சந்திக்கமாட்டார், உங்களை உள்ளே விடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார் அம்மா என்றான்.

அதனால் பாடினாள்.

கட்டி வைத்திருக்கிற கையைப் பாரும் அரசே, அது உமக்காக வாளெடுத்த கை என்று கொப்பியில் இருந்தது. அவள் வலையெடுத்த கை என்று பாடினாள்.

பின்னால் யாரோ ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொறுப்பாளர் எழுந்தார். பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததும் பக்கக் கதவால் வெளியே போனார்.

கூட வந்தவர்களில் ஒருவன் மேடையடிக்கு வந்து, “உங்களை ஒருக்கா வரட்டாம்” என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கொப்பிக்கு மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். செபஸ்தியம்மா கதிரையை விட்டுப் பாதி எழும்பியபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிளில் கை வைத்தபடி நின்றார்.

“நல்லா மெலிஞ்சு போனாய், கனிசியஸ்” என்றாள் லூர்த்தம்மா.

அந்தப் பெயர் இயக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஞானஸ்நானத்தின்போது அவள் வைத்த பெயர். ஆறு மாதம் வயிற்றில் அவனோடு மேடையில் நின்று பாடியிருக்கிறாள்.

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

“இனி முகாம் வாசலுக்கு வராதையணை அம்மா. அவையளையும் அலைய வேண்டாமெண்டு சொல்லு. சிமியோன் மாமாவின்ரை அலுவல் போன வெள்ளியே முடிஞ்சுது.”

போன வெள்ளிதான் அவள் இரண்டாம் தரம் அந்த வாசலில் நின்றாள்.

“ஆர் முடிவெடுத்தது?” என்று கேட்டாள்.

அவன் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினான். பெற்றோல் இல்லாத காலத்து மண்ணெண்ணெய்ப் புகை இருவருக்கும் நடுவே எழும்பியது. அது கலைவதற்குள் அவன் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டான்.

பக்கக் கதவடியில் செபஸ்தியம்மா நின்றாள்.

“என்னவாம் அக்கா?”

லூர்த்தம்மா வாயைத் திறந்தாள். உள்ளே கிறகோரி கடைசிப் பாட்டுக்குச் சுருதி பிடித்துவிட்டார். அரசன் மன்னித்து, அவள் புருசனின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு. சனம் காத்திருந்தது.

“பாட்டு முடியட்டும், பிள்ளை” என்றாள்.

செபஸ்தியம்மா அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு ஒருவராலும் பாட முடியாது என்று நினைத்தவளைப்போல, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்தாள்.

லூர்த்தம்மா பாடினாள். அந்தப் பாட்டின் கடைசி அடியை இரண்டு தரம் பாடி நிறுத்துவது வழக்கம்.

அவள் மூன்றாம் தரமும் பாடினாள். நாலாம் தரமும். ஐந்தாம் தரம் கிறகோரி ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். யன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவள் நிறுத்தவில்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து செபஸ்தியம்மாவும் சேர்ந்து பாடத் தொடங்கினாள்.