தோற்காத ஹங்கேரிப் படை

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. லண்டனிலிருந்து வரவழைத்த விரற்கடை உயர ஈயப் பொம்மைகள், பழைய ஹங்கேரி ராஜாவின் படையாகத் தயாராகிவிட்டன. சாயம் பூசியது கோயில் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கும் உச்சிமாகாளி. பூசியதாகச் சொல்லிக்கொள்வது முதலாளி. மேஜைமேல் பகடை உருட்டி ஆடும் போரில், பழைய பொம்மைகளை வைத்து ஆடி டாக்டர் பூவனநாதனின் துருக்கிப் படையிடம் மூன்று முறை தோற்றாயிற்று. நாளைக்கு நான்காவது போர்.

“கண்ணு மட்டும் பாக்கி, அண்ணாச்சி. நல்ல நேரம் பாத்துத்தான் திறப்பேன்” என்றான் உச்சிமாகாளி.

“ஏலே, ஹங்கேரிக்காரனுக்கு ஏதுலே ராகுகாலம்? பகுத்தறிவு வேண்டாமா? சும்மா புள்ளி வையி!”

மறுநாள் டாக்டர் பகடையை உருட்டினார். “மூணு பேர் காலி!” என்று ஹங்கேரி வீரர்களைச் சாய்க்கக் கை நீட்டினார்.

“தொடாதீங்க டாக்டர்!” முதலாளி அலறினார். “விடியக்காலம் உச்சிமாகாளி நல்ல நேரம் பாத்து, தேங்கா உடைச்சு, கண்ணாடி காட்டிக் கண் திறந்தாச்சு. இப்பம் அவிய அம்புட்டுப் பேரும் சாமி. சாமிய எப்படிச் சாய்ப்பீங்க?”

டாக்டர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாகாத படையை யார் வெல்வது? முதலாளி துள்ளிக் குதித்தார். “ஜெயிச்சாச்சு!”

காப்பியோடு வந்த அவர் மனைவி இசக்கியம்மாள் தம்ளர்களை வைத்துவிட்டு, ராஜாவோடு சேர்த்து மொத்தப் படையையும் தாம்பாளத்தில் அள்ளினாள்.

“சாமிய வச்சா பகடை விளையாடுதீங்க? இனிமே இவிய இருக்கது பூசை அறையில. செஞ்ச தப்புக்கு விழுந்து கும்பிடுங்க!”

அன்றைய போரில் தரையில் விழுந்தவர் சௌந்தரபாண்டியன் ஒருவர்தான்.