அஞ்சரை மணி மேனேஜர்

“கிளம்பிட்டாரு பாரு! மணி அஞ்சரை. ஒரு நிமிசம் பிசகலை.”

சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேனேஜர் ஜமீல் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

ஆத்தங்குடி டைல்ஸை வெளியூர்களுக்கு அனுப்புகிற கம்பெனி அது. காரைக்குடி ஆபீசில் மொத்தம் ஒன்பது பேர். அதில் பதினாறு வருஷ சர்வீஸ் சோணைமுத்து ஒருத்தருக்குத்தான்.

“போனா போறாருண்ணே. நமக்கும் நல்லதுதானே?” என்று டிபன் பாக்ஸைப் பையில் திணித்தாள் நாகஜோதி. “எம்புள்ள இப்பத்தான் பொழுதோட என் மூஞ்சியப் பாக்குது.”

“ஒனக்கென்ன, வாய்ச்சுப்போச்சு! பழைய மேனேஜர் இருந்தப்ப இப்படிப் பையத் தூக்கியிருப்பியா?”

தூக்கியிருக்க முடியாதுதான். பழைய மேனேஜர் எட்டரைக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அதற்கு முன்னால் எவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டமெல்லாம் இல்லை. ஆனால் எழுந்தவனுக்கு அடுத்த மாசமே சீட்டுக் கிழிந்துவிடும்.

இத்தனைக்கும் வேலை அஞ்சு மணிக்கே முடிந்துபோகும். அப்புறம் பார்த்த லோடு லிஸ்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். கொடுமைதான். ஆனால் பழகிப்போனால் கொடுமைகூடப் பெருமையாகிவிடுமே! “பதினாறு வருஷத்துல மேனேஜருக்கு முன்னாடி நான் எந்திரிச்சதே இல்ல” என்று சோணைமுத்து மாரைத் தட்டிக்கொள்வார்.

ஜமீல் வேலைக்கு வந்த முதல் நாளே, “வேலை முடிஞ்சா எல்லாரும் அஞ்சரைக்குக் கிளம்புங்க” என்றார். ஒரு ஆள் அசையவில்லை. மனுஷன் ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். அந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமையில் இருந்து அவரே அஞ்சரைக்குக் கிளம்ப ஆரம்பித்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக நழுவினார்கள். சோணைமுத்து மட்டும் வீம்புக்கு எட்டரை வரை உட்கார்ந்து, ஆபீசைப் பூட்டிவிட்டுப் போனார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், இன்றைக்கு மத்தியானம் முதலாளிக்கே போன் போட்டுவிட்டார்.

“மேனேஜரே வேலைக்கு டிமிக்கி குடுக்குறாரு மொதலாளி. வேலியே பயிர மேயுது.”

“சாயங்காலம் கார்த்திகைக்குக் குன்றக்குடி வாரேன். அங்க வந்து வெவரமாச் சொல்லு. நெசமா இருந்தா நாளைக்கே ஆள மாத்திப்புடுவோம்.”

ஆக, மேனேஜர் சீக்கிரம் போகிறார் என்று சொல்வதற்காக, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சோணைமுத்து சீக்கிரம் கிளம்பினார்.

கோவிலூரில் ஒரு டீக்கடை வாசலில் ஜமீலின் பைக் நின்றது.

‘ஆகா, அகப்பட்டாருய்யா!’ வண்டியை ஓரங்கட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

கடைசி பெஞ்சில் ஜமீல். எதிரே லேப்டாப். பக்கத்தில் ஒரு கட்டு பேப்பர். காதில் போன். “கோயமுத்தூர் லோடு நாளைக்குக் காலையில ஏறிடும் சார். நானே செக் பண்ணிட்டேன்.”

சோணைமுத்து அப்படியே நின்றுவிட்டார்.

“சாரைப் பாக்க வந்தீகளா?” என்றார் கடைக்காரர் மாயக்கண்ணன். “தெனம் எட்டு மணி வரைக்கும் இங்குட்டுதான் இருப்பாரு. பாவம், சாயங்காலமானா ஒங்க ஆபீசுல கரண்டு போயிருமாமே?”

பேச்சுக் கேட்டுத் திரும்பிய ஜமீல், பதறிப்போய் லேப்டாப்பை மூடினார். அப்புறம் மணியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணே! மணி ஆறுதானே ஆகுது? இன்னைக்காவது எந்திரிச்சீகளே!”

“இங்க என்ன சார் பண்றீக?”

“எனக்கு எட்டு மணி வரைக்கும் வேலை இருக்குண்ணே. ஆபீசுல ஒக்காந்து பாத்தா நீங்க ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறீக. வீட்டுல பாக்கலாம்னா மூணு பிள்ளைகளும் மடியில ஏறிக்கிருதுக. அதான் ஆபீஸ் ஆளுக கண்ணுல படாத எடமாப் பாத்து வந்துட்டேன்.”

சோணைமுத்துக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனிடம் மறைத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

“சார்… ஒங்களப் பத்தி மொதலாளிகிட்டக் கோள் சொல்லத்தான் போய்க்கிட்டிருக்கேன். ஆள மாத்திருவேன்னு சொல்லியிருக்காரு.”

ஜமீல் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

“போய்ச் சொல்லுங்கண்ணே. நான் அஞ்சரைக்குக் கிளம்புறது நெசந்தானே?”

“ஒங்க வேலையே போகப்போகுது. கோவம் வரலையா சார்? நாங்க நேரத்தோட வீட்டுக்குப் போகணும்னு ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

சொல்லலாமா வேண்டாமா என்று ஜமீல் தயங்கினார்.

“சேர்ந்த அன்னைக்குப் பழைய ஃபைலையெல்லாம் படிச்சேண்ணே. ஒங்க லீவு லெட்டர் ஒண்ணு இருந்துச்சு. ‘எனது தகப்பனார் நேற்று மாலை ஆறு மணிக்குக் காலமாகிவிட்டார்’னு எழுதியிருந்தீக. மனசு கேக்காம, அதுக்கு முந்தின நாள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாத்தேன்.”

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“அதுல, எட்டு நாப்பதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பியிருக்கீகண்ணே.”