பேனாவைத் தொடாதவள்

"ரூபன் கட்டுரைய நீதான எழுதிக் குடுத்த?"

தமிழ் வாத்தியார் அருள்குமார் சார் கேட்டதுக்கு மதிவதனி அசரல.

பீளமேட்டுல ஒரு காலேஜ். கட்டுரை எழுதத் திணறற ஜூனியருங்களுக்குன்னு அங்க ஒரு ரூம் இருக்கு. தேர்ட் இயர் மதிவதனிதான் அதுக்குப் பொறுப்பு.

"நான் பேனாவையே தொடலீங்க சார்."

"பேனாவத் தொடாம என்னத்தச் சொல்லிக்குடுத்த?"

"சத்தமா வாசிக்கச் சொன்னேனுங்க. எங்க அவனே நம்பாம இழுத்தானோ, அங்க நிறுத்தி, 'இதை எங்கிட்ட பேசறதா இருந்தா எப்படிச் சொல்லுவே'ன்னு கேட்டேன். சொன்னான். அதையே எழுதுன்னேன்."

"அதாவது, உக்காந்து கதை கேட்டிருக்கற. எங்கிட்ட வர்ற பசங்களுக்கு வரிக்கு வரி நான் திருத்திக் குடுக்கறேன். அதுக்குப் பேருதான் சொல்லிக்குடுக்கறது."

பக்கத்துல ரூபன் தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னான். போன இன்டர்னல்ல தமிழ்லயே பெயிலு. இப்ப 'என் வீடு' கட்டுரைப் போட்டியில கடைசிச் சுத்துக்கு வந்துட்டான். சாருக்கு அதுதான் தாங்கல.

அவன் கட்டுரை நகல எடுத்து வாசிச்சார்.

"'எங்க வீட்டுல தறி ஓடறதால எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். கரண்டு போனாத்தான், எவ்வளவு கத்தறோம்னு எங்களுக்கே தெரியும்.' இந்த வரி இவனுக்கு வருமா?"

"எனக்குத்தானுங்க வராது. பல்லடத்துல தறி ஓடறது அவன் ஊட்டுல. எங்க ஊட்டுல மிக்சிதான் ஓடுது."

ரூபன் சிரிச்சுப்போட்டான்.

"என்ன திமிரா? கட்டுரைய வாபஸ் வாங்கச் சொல்லு. இல்லீனா ரூம் சாவிய வெச்சுட்டுப் போ."

ரூபன் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. "அக்கா, நான் வாபஸ் வாங்கிக்கறனுங்க."

"நீ சும்மா இரு கண்ணு."

மதிவதனி சாவிய எடுத்து மேசை மேல வெச்சா.

"ரூம் காலேஜுதுங்க சார். எடுத்துக்குங்க. கட்டுரை அவனுது. அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து, வெளியிலிருந்து நடுவரா வந்திருந்த நாச்சியம்மாள் மேடம் கட்டுரைக் கட்டோட உள்ள வந்தாங்க. ரிசல்ட் கேக்கற ஆசையில, போட்டியில இருக்கற கனிஷ்கா பின்னாலயே வந்து வாசல்ல நின்னா.

"ஏனுங்க சார், ஒரு சங்கடமுங்க. பசங்க எழுதாம, வேற ஆளு எழுதிக் குடுத்தது தெரியுது. தள்ளுபடி பண்ணோணும்."

சார் மதிவதனியப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சார்.

"தயவே பார்க்காதீங்க மேடம். எழுதிக் குடுத்த ஆளு பேரையும் நோட்டீஸ் போர்டுல போட்டுருவோம்."

"ஆகட்டுங்க. கனிஷ்கா, யஷ்வந்த், பிரவீனா. மூணு பேரு 'என் வீடு' கட்டுரையும் 'விடியலின் வாசலில் வெற்றி முரசு கொட்டுவோம்'னு முடியுது."

"அப்ப... ரூபனுது?" சார் இழுத்தார்.

"அதுக்குத்தானுங்க பர்ஸ்ட் பிரைஸ். போர்டுல போட பேரு சொல்லுங்க. யாரு எழுதிக் குடுத்தது?"

வாசல்ல இருந்து கனிஷ்காதான் சொன்னா.

"சாருதானுங்க மேடம். வரிக்கு வரி."