முந்தானையில் வடிகட்டிய தண்ணீர்

"விஞ்ஞானம் படிச்சவனுக்கு உலகத்துல பயமே கெடையாது" என்று அரியலூரில் பி.எஸ்ஸி. படிக்கும் சாமிதுரை அறிவித்தான். குழாய்த் தண்ணீரையும் முந்தானையில் வடிகட்டும் அம்மா கொளஞ்சியம்மாளைப் பார்த்து, "ஒம் பொடவைதான் லேபாம்மா?" என்று சிரித்தான்.

மறுநாள் கல்லூரி நூலகத்தில், துணியில் வடிகட்டாத தண்ணீரால் வரும் நரம்புச்சிலந்தி நோய் பற்றிய வெள்ளைக்காரர் காலத்து ஆராய்ச்சி ஒன்றைப் படித்தான். புழு காலைத் துளைத்து வெளிவர எத்தனை மாதமாகும் என்று பார்க்க, அவனுடைய ஊர்க்காரர்களுக்கே புழுத் தண்ணீரை மருந்தென்று சொல்லிக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். குடித்தவர்களைப் படமும் எடுத்திருந்தார்கள். நடுவில், டம்ளரும் கையுமாக அம்மா நின்றாள். அது அவள் பிறப்பதற்கு முன்பு எடுத்த படம்.

வீட்டில் அவன் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா வழக்கம்போல வடிகட்டி, டம்ளரை நீட்டினாள்.

"படத்துல கண்ண மூடிட்டனா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றான் சாமிதுரை. தோளில் கிடந்த துண்டை இன்னொரு டம்ளர்மேல் விரித்து, தண்ணீரை மெதுவாக ஊற்றினான்.