ஈயத்தாள் யானை

"யானைக்கு வால் இருந்துச்சா, இல்லையான்னு ஐயா கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர் நஸார்.

"இருந்துச்சுங்க. சாக்குக் கட்டுற கயிறு. அதப் புடிச்சு இழுத்தா காது ரெண்டும் ஆடும்."

நஸார் அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி தலை நிமிராமல், முன்னாலிருந்த காகிதத்தில் ஒரு சரி போட்டார்.

இலங்கையில், ஹட்டனில் பிரஜாவுரிமை விசாரணை. மேசையின் இடது பக்கம் தள்ளுபடியான பைல்கள், ஓர் ஆள் உட்காரும் உயரத்துக்கு. வலது பக்கம் நாலைந்துதான்.

1936க்கு முன்பிருந்தே இந்த நாட்டில் இருப்பதாக நல்லமுத்து நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்துப் பழைய பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. தாய் தகப்பன் உயிரோடு இல்லை. இடது பக்கம் போனால், என்றைக்காவது ஒரு நாள் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும்.

மிச்சமிருந்தது ஒரு பார்க்கு.

1935 மே மாதம், இங்கிலாந்து ராஜாவின் வெள்ளிவிழாவுக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்யச் சொன்னார் தோட்டத்துத் துரை. ஃபேக்டரி மெக்கானிக் சோலைமலை, கழித்துப் போட்ட சாமான்களை வைத்து ஆற்றோரத்தில் ஒரு பார்க்கே கட்டிவிட்டார். ஏழே நாள். எட்டாம் நாள் மழை பிடித்து, ஆறு அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அதற்குள் விளையாடியவன் என்றால், அந்த வாரம் அங்கே இருந்தவன்.

அடுத்த வருடமே டிக்கோயாப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட சோலைமலையை, அதிகாரியே ஆளனுப்பி வரவழைத்திருந்தார். காலையில் தனியாகக் கேட்டு எழுதியும் வைத்திருந்தார். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

"சம்சாரம் பேரு?"

"நாகலெட்சுமி. போன தை மாசம் இறந்து போச்சுங்க."

நஸார் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"பார்க்குக்கு டிக்கெட் எவ்வளவு?"

"ஆளுக்கொரு தேயிலைக் கொட்டைங்க. அத ஒரு டின்னுல போட்டா உள்ள விடுவாங்க."

சரி.

"உள்ள என்னென்ன இருந்துச்சு?"

அதுவரை இரண்டொரு வரிக்கு மேல் பேசாத நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"கொழுந்து அரைக்கிற பழைய ரோலர் மேசை. அதுமேல பத்துப் பேர் குந்திக்குவோம். நாலு பேர் தள்ளுவாங்க. எறங்குனா மலையே சுத்தும். அப்புறம் கம்பி. மேமலையிலேருந்து கொழுந்து மூட்ட எறக்குற மாதிரி, சாக்குக்குள்ள எங்கள உக்கார வச்சு விடுவாங்க. காத்துல வருவோம். தொரையோட புள்ளைங்க ரெண்டும் வரிசையில நின்னுச்சுங்க. எங்களுக்குப் பின்னாடி."

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். நஸார் மொழிபெயர்ப்பதை மறந்து, "நெசமாவா தம்பி?" என்றார்.

"யானைதாங்க பெருசு. தேயிலைப் பெட்டிப் பலகையில செஞ்சது. வாய் வழியா ஊந்து உள்ள போகணும். பெட்டிக்குள்ள ஒட்டுற ஈயத்தாள வயிறு பூரா ஒட்டியிருந்தாரு. கண்ணு ஓட்ட வழியா வெயில் விழும். சுத்தி மினுக்கு மினுக்குன்னு இருக்கும். வெள்ளிக்குள்ள உக்காந்த மாதிரி."

சரி. சரி. அதிகாரி காகிதத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களா?"

"மாட்டலைங்க."

பேனா நின்றது.

"தம்பி, நல்லா யோசிங்க" என்றார் நஸார் அவசரமாக. "ஒரு குழந்தை மாட்டிக்கிட்டு, வால் பக்கத்துப் பலகையக் கழட்டித்தான் எடுத்தேன்னு பெரியவர் சொல்லியிருக்காரு."

"அது நான்தாங்க. மாட்டல. வெளிய வர மனசில்லாம, கால முட்டுக்குடுத்துக்கிட்டுச் சும்மா கத்துனேன்."

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். இடது பக்க அடுக்கைப் பார்த்தார். பிறகு சோலைமலையைக் கூப்பிடச் சொன்னார்.

பெரியவர், வெளியே தன்னிடம் ஒட்டிக்கொண்ட நல்லமுத்துவின் மகளை இடுப்பில் வைத்தபடியே வந்தார். நஸார் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடி ஆத்தி! அன்னிக்கே எனக்குச் சந்தேகங்க. பலகைய எடுத்தா, அழுதுகிட்டு வர வேண்டியது சிரிச்சுக்கிட்டு வருது. இருவத்தோரு வருசமா என்னை ஏமாத்தியிருக்கே!"

"அந்தக் குழந்தை இவர்தானா? நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்றாரு."

சோலைமலை சிரிப்பை நிறுத்தினார். நல்லமுத்துவைப் பார்த்தார். இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். மறுபடி நல்லமுத்துவைப் பார்த்தார்.

"இவருதாங்க."

அதிகாரி பைலை மூடி வலது பக்கம் வைத்தார்.

"போயிட்டு வாங்க தம்பி" என்ற நஸார், அதிகாரியின் காதில் விழாமல், "அந்த யானைக்கு ஒரு கும்புடு போடுங்க" என்றார்.

பஸ் நிற்கும் இடம்வரை சோலைமலையே குழந்தையைத் தூக்கி வந்தார். அங்கே வந்ததும் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"யானைக்குள்ள கத்துனவ நாகலெட்சுமியில்ல? இது அவளையே உரிச்சு வச்சிருக்கு. எங்க தம்பி அவ?"

நல்லமுத்து மகளைக் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

"முப்பத்தொம்போதுலதாங்க நான் கப்பல விட்டே எறங்குனேன்" என்றான். "அந்தப் பார்க்கு அவ எனக்குக் குடுத்துட்டுப் போனது."