திவசத்துக்கு நெத்திலி

அன்புள்ள பூங்கோதைக்கு, மதினி எழுதுவது. உன் அண்ணனின் முதல் வருஷத் திவசத்துக்கு என்ன படைப்பது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடம் முன்பு என் குடல் ஓய்ந்தபோது அவர் குடலின் நுண்ணுயிர்களைத்தான் எனக்கு ஏற்றினார்கள். கருவாட்டு வாடையே ஆகாத நான் அன்றுமுதல் அவரைப் போலவே நெத்திலிக்கு அலைந்தேன். அவர் போன பிறகும் அந்த ஆசை போகவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வயிறு கேட்கும், நான் வறுப்பேன்.

சித்திரையில் வயிறு கல்லாகிவிட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் குடல்லேர்ந்து வந்ததுல ஆர்க்கியான்னு ஒரு நுண்ணுயிர் பெருகிப்போச்சும்மா. மாத்திரையில அழிச்சிரலாம்" என்றார்.

"அவரோட பாக்டீரியாவாவது இருக்கட்டுமே டாக்டர்?"

"பாக்டீரியா விடுற வாயுவைத் தின்னுதான் இந்த ஆர்க்கியா பிழைக்குது. இது போனா அதுவும் ரொம்ப நாள் தங்காது. புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு வச்சுக்கோங்களேன்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

"மாத்திரை வேண்டாம்னா?"

"குடலை வெட்டணும்."

பத்து நாள் வேளை தவறாமல் விழுங்கினேன். வயிறு இளகிவிட்டது. நேற்று ஒரு மணிக்குப் பழக்கத்தில் நெத்திலியைச் சட்டியில் போட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. அடுப்பை அணைத்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அழுகை வரவில்லை.

படையலுக்கு நெத்திலிதான் வைக்க வேண்டும். நீ முந்தின நாளே வந்து, உன் கையால் வறுத்துவிடு. வறுத்து முடிக்கும்வரை நான் தெருவில் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
தெய்வானை